கண்மாயை மூடிவிடும் கணினி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைகை எங்கே தோன்றுகிறது? வருசநாட்டு மலையில். நீளம்? 258 கிலோமீட்டர். நம் பிள்ளைகள் தேர்வில் எழுதிவிடுவார்கள். பள்ளி மைதானத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் கியூஜிஐஎஸ் பக்கம் போனேன். 2002-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. நிலத்தின் உயரத்துக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர்.

ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அங்கே தண்ணீர் போகும். கணக்கு இவ்வளவுதான். தொடக்கப்பள்ளியில் கணினியே வேண்டாம். தரையில் கட்டம் போட்டு, உயரத்தை எழுதி, கூழாங்கல்லை நகர்த்தச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இன்னும் சுவை. நேர்ப்பக்கம் 2.5 மீட்டர் இறக்கம், மூலைப்பக்கம் 3 மீட்டர். தண்ணீர் மூலைக்குத்தான் போகும் என்பார்கள். நேர்த்தூரம் 30 மீட்டர், மூலைத்தூரம் 42.4 மீட்டர் என்று வகுத்துப் பார்த்தால் நேர்ப்பக்கமே வெல்லும். இரண்டின் வர்க்கமூலம் எதற்கு என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

இனிதான் விஷயம். ஓடை வரைவதற்கு முன் வழக்கமாக 'பள்ளம் நிரப்புதல்' என்றொரு படி உண்டு. தரவுப் பிழையால் வரும் குழிகளில் ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் நம் சிவகங்கைச் சீமையில் பள்ளம் என்றால் பிழையா? கண்மாய் அல்லவா! மாட்டுவண்டி அகலக் கரை அந்த 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகிறது. மிஞ்சிய பள்ளத்தையும் மென்பொருள் நிரப்பிவிட்டு, ஓடையை அதன் மேலேயே இழுத்துவிடுகிறது.

திரையைப் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், இது தப்பு. எங்க கண்மாய் மறுகால் தெக்காமத்தான் பாயும்" என்றாள். அவள் தாத்தா அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி.

கியூஜிஐஎஸ்ஸுடன் சேர்ந்து வரும் கிராஸ் என்ற மென்பொருளில், உண்மையான பள்ளங்கள் எவை என்று தனி வரைபடமாகக் கொடுக்க வழி இருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியோடு கரையில் நடந்து மடையையும் கலுங்கையும் குறித்து வந்தார்கள். வடிநிலம் முழுவதற்கும் நீர்க்கணக்குப் போடும் 'ஸ்வாட்', அமெரிக்க வேளாண் துறையில் உருவானது. அதுவும் திறந்த நிரல்தான். அதிலும் குளங்களை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண்மாயே இல்லாத ஊருக்குத்தான் கணக்கு வரும். 'கணினி மாதிரியின்படி' என்று தொடங்கும் எந்தத் திட்ட அறிக்கையைப் பார்த்தாலும், கண்மாயை எங்கே வைத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பள்ளி இணையத்தை நம்பாமல் மென்பொருளை வீட்டிலேயே பென் டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். முழு வைகையும் வேண்டாம், ஒரு கண்மாயும் அதன் வரத்துக்காலும் போதும். எங்கள் வரைபடத்தில் இரண்டு கண்மாய்கள் இன்னும் முடியவில்லை. ஒரே மறுகாலுக்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இரண்டு திசை சொல்கிறார்கள். ஐப்பசி மழையில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.