தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?



தை பிறந்ததும் சென்னைத் தெருக்களில் பீரோவும் கட்டிலும் ஏற்றிய குட்டி லாரிகள் திரிய ஆரம்பித்துவிடும். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். ஆகவே பொறுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். வீடு பிடிக்கிற கஷ்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இந்த ஊரில் பழகிப்போன வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'ஒழிய'வுக்குள் பல வீட்டுக்காரர்கள் சௌகரியமாகக் குடியிருக்கிறார்கள். போகட்டும். சாமான் இறக்கிய பிறகு நடப்பதுதான் இன்றைய பேச்சு.

நான் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது நடுவயது தாண்டிய பிறகு. அதற்கு முன் புறநகரில் ஓர் அடுக்குமாடி வாசம். "அக்கம்பக்கத்துல நல்லாப் பழகுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கூச்ச சுபாவம் உள்ளவனிடம் இதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. கதவைத் தட்டி, "நான் புதுசா வந்திருக்கேன்" என்று சிரிக்க எல்லாராலும் முடியுமா? என் கட்சி வேறு. ஒரு பேட்டைக்குப் போனால் முதலில் அதன் நேரங்களோடு பழக வேண்டும். மனிதர்கள் அந்த நேரங்களில்தான் நிற்கிறார்கள், தானாகக் கிடைப்பார்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். அடுக்குமாடியில் மேல்தொட்டி இருந்தது, திருகினால் கொட்டும். அதனால் யார் முகமும் தெரியாது. இங்கே எங்கள் சந்தில் மெட்ரோ தண்ணீர் விடிவதற்குள் வந்து, வெயில் ஏறுமுன் நின்றுவிடும். அடிபம்பு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். நான் யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை, என் குடத்தை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கீழ்வீட்டு அம்மா அவராகவே, "சார், நாளைக்குத் தண்ணி வராதாம். குழாய் வேலையாம். ரெண்டு கொடம் சேத்துப் புடிச்சு வெச்சுக்குங்க" என்றார். அவர் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. ஆனால் என் வீட்டில் எத்தனை குடம் செலவாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது கோயில். பார்த்தசாரதி பெருமாள் கோயிலைப் பற்றி மீசை வைத்த மூலவர், பல்லவர் காலத்துக் கல்வெட்டு என்று நிறையச் சொல்லலாம். குடியிருப்பவனுக்கு முதலில் வேண்டியது புறப்பாடு எப்போது என்பதுதான். சித்திரையில் பெரிய பிரம்மோற்சவம், ஆனியில் அழகியசிங்கருக்கு இன்னொன்று, மாசியில் தெப்பம், வைகுண்ட ஏகாதசியன்று சொல்லவே வேண்டாம். மாடவீதிப் பக்கம் ஸ்கூட்டரை வைத்துவிட்டால் சுவாமி வாகனம் திரும்புகிற வரைக்கும் நம் வாகனம் அசையாது. முனையில் பூக்கட்டுகிற பெண்மணி ஒருவர் இதற்கென்றே நியமிக்கப்பட்டவர் மாதிரி எச்சரிப்பார்: "இன்னிக்குக் கருட சேவை சார். வண்டிய உள்ள வுட்டுடாதீங்க, அப்பால எடுக்க முடியாது." பெரிய மசூதிக்கும் இப்படித்தான், வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் அந்தப் பக்கம் அவசரப்பட்டுப் போவதில் அர்த்தமில்லை. 1795-இல் நவாபு வாலாஜா குடும்பம் கட்டிய மசூதி அது. நம் அவசரத்தைவிட மூத்தது.

சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் இன்னொரு கணக்கு. பெல்ஸ் சாலையில் போலீஸ் தடுப்பு விழுந்துவிடும், ஆட்டோ வராது, மாலையில் கறிகாய் வாங்கப் போவதென்றால் முன்கூட்டியே போய்விட வேண்டும். அதற்கு ஈடாக ஒரு லாபமும் உண்டு. மைதானத்தில் விக்கெட் விழுந்த சத்தம் ஜன்னல் வழியாக முதலில் வந்துவிடும். டிவியில் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார். ஒளிபரப்பு சில விநாடிகள் தாமதம், செல்போனில் பார்த்தால் இன்னும் தாமதம். எதிர்காலம் தெரிந்தவர்களாக ஒரு பேட்டையே உட்கார்ந்திருக்கிற தமாஷை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை இங்கே உட்காரவைத்தது காற்று. சித்திரை வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்கே சுவர் கொதிக்கும். நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் இருக்கிற காற்று சூடாகி எழும்பியதும் அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பள்ளிக்கூடத்துப் பாடம்தான், ஆனால் கடற்கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் அதைக் காயப்போட்ட வேட்டியில் பார்க்கலாம். மதியம் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் அதுவரை தொங்கிக்கொண்டிருந்த வேட்டி சட்டென்று மேற்கே பறக்கும். உடனே கிழக்கு ஜன்னல்களைத் திறப்பார்கள். ஆனி பிறந்தால் நிலைமை மாறும். மேல்காற்று பலமாக அடிக்கும், கடல்காற்றால் அதைத் தள்ளிக்கொண்டு வர முடியாது. சில நாள் மூன்று மணிக்கு வரும், சில நாள் வராமலே போகும். அன்றைக்கெல்லாம் தெருவில் எல்லாருமே கொஞ்சம் சிடுசிடுவென்று இருப்பார்கள். அது தெரிந்த பிறகு மளிகைக் கடைக்காரரின் கோபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

'நான் இந்த ஊர்க்காரன் இல்லையே' என்ற உறுத்தல் புதிதாக வருகிற எல்லாருக்கும் உண்டு. திருவல்லிக்கேணியில் அதற்கு இடமே இல்லை. கொஞ்சம் விசாரித்தால் பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். நவாபு வாலாஜா ஆற்காட்டிலிருந்து வந்து, 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக்கொண்டவர். பாரதியார் எட்டயபுரத்துக்காரர், கடைசியில் குடியிருந்தது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர், அனுமந்தராயன் கோயில் தெருவில் அம்மாவோடும் மனைவியோடும் குடியிருந்து, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வேலை தேடியும் சினிமாவில் வாய்ப்புத் தேடியும் பரீட்சைக்குப் படிக்கவும் வந்து மேன்ஷன் அறைகளில் தங்கிய இளைஞர்களுக்குக் கணக்கே கிடையாது. ஏன், சாம்பார் இட்லிக்குப் பேர்போன ரத்னா கபேயை 1948-இல் ஆரம்பித்தவரே உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர். இட்லி மூழ்கிய பிறகும் கூஜாவோடு வந்து இன்னும் ஊற்றுவார்களே, அந்தத் தாராளத்தைச் சென்னைக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வடநாட்டுக் குடும்பம்!

ரமலான் மாதத்தில் இன்னும் ஒரு காட்சி. பெரிய மசூதியில் நோன்பு திறக்கிறவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர்கள், மயிலாப்பூரில் இருக்கிற சூஃபிதார் என்ற சிந்தி அமைப்பின் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவை விட்டு அகதியாக வந்து சென்னையில் காலூன்றிய ஒருவர் தொடங்கி வைத்தது. சைவச் சாப்பாடு, அவர்கள் இடத்திலேயே சமைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வந்த ஊரில் தமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தவர்கள் பலர். அந்த ஊரில் சாயங்காலம் எத்தனை மணிக்கு யாருக்குப் பசிக்கும் என்று பார்த்தவர் அவர். பல பத்தாண்டுகளாக அந்த வண்டி நேரம் தவறாமல் வருகிறது.

நிம்மதியாக இருக்கிறேன் என்றால் குறையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் மாடு படுத்திருக்கும், எழுப்பினால் முறைக்கும். எதிர்வீட்டுக் குக்கர் விசில் நம் வீட்டில் அடித்த மாதிரி கேட்கும், நாம் அடுப்பை அணைத்துவிடுவோம், பருப்பு வேகாது. குப்பை வண்டி வரும் நேரத்தை மட்டும் நான் இன்னும் பிடிக்கவில்லை, அது எவருடைய கணக்கிலும் சேராது. இதையெல்லாம் சொல்லிப் புலம்ப எனக்கு இப்போது ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் புரட்டும்போது பக்கத்தில் நிற்கிறவரோ, டீக்கடையில் சில்லறைக்காகக் காத்திருப்பவரோ, யாரோ ஒருவர். அவர்களுடைய புலம்பலும் இதேதான் என்பதால் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம்.

இந்தத் தையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். வாடகை, அட்வான்ஸ், பார்க்கிங் எல்லாம் கேட்ட பிறகு, கீழ்வீட்டில் இருப்பவரிடம் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். பதிலைவிட, அவர் எவ்வளவு நீளமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். "காலைல வரும்" என்று உள்ளே போய்விட்டால் கொஞ்சம் யோசியுங்கள். மோட்டார் ரிப்பேரான கதை, மேல்வீட்டுக்காரர் சண்டை, போன கோடையில் லாரி வராத கதை என்று ஆரம்பித்தால் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.

என் வீட்டுக்காரர் இந்தத் தையிலிருந்து வாடகையைக் கூட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கீழ்வீட்டு அம்மா எவ்வளவு கொடுக்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பேச்சுவார்த்தை நடக்கிறது.