பெருமழையும் எம் ஊராட்சி மன்றங்களும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடங் கேட்டுக்கொண்டிருக்கும் எமக்கு இம்மேடையில் நின்று பேசும் தகுதி உண்டோ என்ற ஐயம் இருந்தபோதிலும், காரியதரிசி அவர்களின் கட்டளையை மறுக்க இயலவில்லை. பெருமழையைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் பேசுவது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். 2025ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் டித்வா சூறாவளி இந்நாட்டின்மீது வந்தபின் அக்கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை என எண்ணுகின்றோம். நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகியவற்றோடு எம் மாத்தளை மாவட்டமும் பெருந்துயர் உற்றது.

றத்தோட்டைக்கு அப்பாலுள்ள கம்மடுவையில் ஒரே நாளில் பெய்த மழை 500 மில்லிமீற்றருக்கு மேல். அதாவது ஒன்றரை அடிக்கும் அதிகமான ஆழம். ஒரு பேர்ச் நிலத்தில் மட்டும் 12,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழுந்தது என்று கணக்கிடலாம். பத்துப் பேர்ச் வளவு உடையவர் எவரும் அதைப் பத்தால் பெருக்கிப் பார்ப்பாராக. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 ஆனால் செம்மஞ்சள், 150 ஆனால் சிவப்பு என மண்சரிவு எச்சரிக்கைக்குப் படிகள் வகுத்துள்ளது. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கம்மடுவையிலோ சிவப்பைப்போல் மும்மடங்கு!

இது ஒருமுறை வந்த விதி, இனி வராது என்று ஆறுதல் கொள்வோர் உளர். விஞ்ஞானம் அவ்வாறு சொல்லவில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர, அது தாங்கும் நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு கூடுகின்றது. கூடத் தாங்கியது கூடத்தான் கொட்டும். ஆகவே பாட்டனார் காலத்து மழைக்கணக்கை வைத்துக் கட்டிய மதகும் கானும் பேரப்பிள்ளைகளின் மழையைக் கொள்ளமாட்டா.

மிஷன் பாடசாலையில் படித்த நாளில் நோவாவின் கதையை ஆண்டுதோறும் கேட்டோம். அதில் எம் மனத்தில் நின்றது வெள்ளமன்று; ஒரு துளி விழுமுன்னரே பேழைக்கு 300 முழ நீளம், 50 முழ அகலம் என அளவு குறித்ததுதான். திட்டம் என்பது அளவு. நல்லெண்ணம் மட்டும் திட்டமாகாது.

நிற்க. எம் நகரத்தின் ஆற்றை நோக்குவோம். சுது கங்கை எம் மலைகளின் நீரை மட்டும் சுமக்கவில்லை. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கவழியே கொணர்ந்து, உக்குவளையில் மின்சாரம் எடுத்தபின் அந்நீரைச் சுது கங்கையில் விடுகின்றார்கள். அது மாத்தளை நகரைக் கடந்து அம்பன் கங்கையாகி, போவத்தென்னைக்கும் மொறகஹகந்தைக்கும் போய், வடக்கே வயல்களை விளைவிக்கின்றது. பெரும் புண்ணியமே, ஆயினும் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்பது மாநகர சபையின் கையில் இல்லை. எனவே மகாவலி அதிகாரசபை, மின் உற்பத்தி நிறுவனம், நீர்ப்பாசனத் திணைக்களம் ஆகியவற்றோடு ஒரு மேசையில் அமராமல் நகரத்துக்கு வெள்ளத் திட்டம் வரைவது காகிதத்துக்குச் செலவேயன்றி வேறில்லை.

சபையின் கையில் உள்ளவை எவை? கட்டட அனுமதி, கான், சிறு வீதி, மதகு, குப்பை. பார்வைக்குச் சிறியவை. குப்பையையே எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டளவில் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவும் செவனத்த என்ற நிறுவனமும் துணைநிற்க, மாத்தளை மாநகர சபை வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துப் பசளையாக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கிற்று. பிறநாட்டு நகரங்களும் கவனித்த முயற்சி அது. கானில் விழாத ஒவ்வொரு கூடைக் குப்பையும் வெள்ளத்துக்கு எதிரான வேலைதான். கானுக்குள் பொலித்தீன் பையை எறிந்துவிட்டுச் சபையைத் திட்டும் கனவான்களை நாமும் கண்டிருக்கிறோம். அவர்கள் இம்மண்டபத்தில் இல்லை என்று நம்புவோமாக.

கட்டட அனுமதி அதனினும் பாரியது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. இங்கு சரிவான நிலத்தில் வீடு கட்டுமுன் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறல் வேண்டும். அபாய வலயப் படங்களும் உள. படம் அலுமாரியில் இருக்க, மலைச்சரிவை வெட்டி வீடு எழும்புவதே வழக்கமாயிற்று. வெட்டிய இடத்தில் தாங்குசுவரும் இல்லை, நீர் ஓட வழியும் இல்லை.

இனி எமக்கு நெஞ்சை உறுத்தும் விடயம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. வாக்குக் கேட்க வரலாம். கான் வெட்ட வரமுடியாது! 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குள் முப்பது வருடங்கள் கழிந்தன. மலையடிவாரத்திலும் ஓடையோரத்திலும் நிற்கும் லயன்களே முதலில் மண்ணுக்குள் போகின்றன. அவையே திட்டத்தில் கடைசியாக எழுதப்பட்டன. சட்டம் மாறியபின் நிலைமை உடனே மாறிற்றோ? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடக்கும்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. புதிய சபைகள் ஆசனத்தில் அமர்ந்து ஆறு மாதம் ஆகுமுன் சூறாவளி வந்துவிட்டது.

எச்சரிக்கையின் மொழியையும் சொல்லாமல் விடமுடியாது. அவ்வேளை பல அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. இதற்குக் கொழும்பையே காத்திருக்க வேண்டுமா? சபையில் ஒலிபெருக்கி உண்டு, கோயிலில் மணி உண்டு, தோட்டத்தில் சங்கு உண்டு. செம்மஞ்சள் என்றால் மணி எப்படி அடிக்கும், சிவப்பு என்றால் எப்படி அடிக்கும், எந்த லயத்தார் எந்தப் பாடசாலைக்குப் போவது, நடக்கமாட்டாத பாட்டியை யார் தூக்குவது என்பனவற்றைச் சபையும் கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் கூடி எழுதிவைத்தால் அதுவே திட்டம். கோடிக்கணக்கான பணம் இதற்கு வேண்டியதில்லை.

பணம் வேண்டுவதும் உண்டு. மதகுகளை அகலமாக்குவதற்கும் குடிமாற்றத்துக்கும் அரசாங்கமே கொடுத்தாக வேண்டும். ஆனால் எங்கெங்கே என்ற பட்டியல் இல்லாமல் கேட்கும் சபைக்கு ஒன்றுங் கிடையாது.

ஆதலால் எமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சபைகள் ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்கும். அதற்கு முன்னர் உக்குவளை, எல்கடுவை, றத்தோட்டைப் பக்கங்களிலுள்ள லயன்களையும் அடைபட்ட மதகுகளையும் நாமே நடந்து சென்று குறித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தவிசாளர்களிடம் கையளிக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் நேர்ச்சுவருள்ள தகரப்பேணி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் நீரை அளந்தால் 75 மில்லிமீற்றர் எப்போது நிறைகின்றது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். பேணிகளுக்குச் சங்கக் கடைக்காரர் ஒருவர் ஏற்கனவே ஒப்புக்கொண்டுள்ளார். நடக்க விரும்பும் அன்பர்கள் இன்றிரவே காரியதரிசியிடம் பெயரைக் கொடுக்கலாம்.