ஒல்லாந்து ஆற்றுப்படை

(இண்டூரில், வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரை)



பயணத்துக்கு வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி தமிழ். ஆற்றுப்படை என்பது அதன் பெயர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழிகாட்டுகிறான். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எங்கே கால் வழுக்கும், எவ்வூரில் எக்குடியினர் என்ன தொழில் செய்கின்றனர், வந்தவர்க்கு எதைச் சமைத்துப் படைப்பர் என்பனவெல்லாம் அதில் முறையாக வரும். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் ஆற்றுப்படுத்துவது. அச்செங்கண்மா இன்றைய செங்கம். தகடூர் நாட்டாருக்கு அது அயலூர் அன்று, பக்கத்து ஊரே.

இன்று அயல்நாட்டுச் செலவுக்கு வரையப்படும் திட்டங்களில் இந்த முறைமையைக் காண்பது அரிது. இத்தனை நாள், இத்தனை ஊர், இத்தனை படம் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. இண்டூர்க் கவிஞர் ஒருவர் ஒல்லாந்து நாட்டின் நகரங்களையும் மரபு மாறாச் சிற்றூர்களையும் காணப் புறப்படுவாரானால், அவருக்கான வழியை ஆற்றுப்படை மரபில் எவ்வாறு வகுக்கலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

பயணத்தின் முதற்பகுதி தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைய வேண்டும். ஒல்லாந்தர் 1602இல் தங்கள் கிழக்கிந்தியக் கும்பினியைத் தொடங்கினர். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்தனர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினர். 1781இல் நாகை ஆங்கிலேயர் வசமாகும் வரை அந்நிலை நீடித்தது. இன்று பழவேற்காட்டில் கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. ஆனால் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் செதுக்கிய கற்களோடு நிற்கிறது. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவர்களையும் கல்லறைகளையும் காணலாம். இவ்வூர்களுக்கெல்லாம் பேருந்திலேயே சென்று வரலாம்; கடவுச்சீட்டுத் தேவையில்லை.

இக்கரையிலிருந்து ஒல்லாந்தர் ஏற்றிச் சென்ற சரக்குகளுள் முதன்மையானது துணி. குறிப்பாக, கையால் எழுதிச் சாயமேற்றிய பூந்துணி. பருத்தித் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். படிகாரம் கலந்த காரத்தால் கோலம் எழுதிச் சாயவேர் ஊறிய நீரில் கொதிக்கவிட்டால், எழுதிய இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றி நிற்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவர். இவ்வாறு பலமுறை துவைத்தும் வெளுத்தும் எழுதியும் முடிந்த துணி, எத்தனை முறை அலசினாலும் நிறம் மங்காது. ஐரோப்பியர் அதுவரை அறியாத வித்தை அது. அதன் உறவுக் கலையான கருப்பூர்க் கலம்காரி இன்றும் வாழ்கிறது. 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கப்பல்களில் துணி மட்டும் ஏறவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் நாகைக் கரையில் அடிமைகளாக விலைபோயினர். இலங்கைக்கும், இன்று ஜகார்த்தா எனப்படும் பதாவியாவுக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாட்டு அரசர் வில்லெம் அலெக்சாந்தர் அடிமை வணிகத்துக்காக 2023 ஜூலை முதல் நாளில் மன்னிப்புக் கோரினார். இவ்வரலாற்றை அறிந்து செல்பவர், ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால் ஓரத்து மாளிகைகளை வெறும் வியப்போடு மட்டும் பார்க்கமாட்டார்.

இனி, நிலத்தின் இயல்பு. நெதர்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் கால்பகுதிக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தருமபுரி நகரமோ கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுநிலம். ஒகேனக்கல்லில் காவிரி பாய்ந்தும் குடிநீருக்கு நெடுங்காலம் தவித்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீரைத் தேடி வாழும் மண்ணிலிருந்து புறப்படுபவர், நீரை வெளியேற்றி வாழும் மண்ணில் போய் இறங்குகிறார்.

அவர் இறங்கும் ஸ்கிப்போல் வானூர்தி நிலையமே ஓர் ஏரியின் படுகை. ஹார்லம் ஏரி என்னும் அப்பெருநீர்ப்பரப்பை நீராவி எந்திரங்களால் இறைத்து 1852இல் நிலமாக்கினர். சென்னையின் தியாகராயநகரும் 1920களில் ஏரியின் மேல் எழுந்ததுதான். ஆனால் அங்கே ஏரியை வற்றச் செய்தவர்கள் அந்நீருக்கான கணக்கை இன்றுவரை கைவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவரும் நீர்வாரியங்கள் கரை காப்பதையும் நீர் இறைப்பதையும் மேற்கொள்கின்றன. அவற்றுக்கு மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்கின்றனர். குடிமராமத்து என்னும் சொல்லைப் பெற்றிருந்தும் அதன் பொருளை நழுவவிட்ட ஊரார் எவருக்கும் அது நின்று பார்க்கத்தக்க காட்சி. கரை தவறினால் என்ன நேரும் என்பதை 1953 பிப்ரவரி முதல் நாளின் பெருவெள்ளம் அந்நாட்டாருக்கு உணர்த்தியது. அதில் 1,836 பேர் மாண்டனர்.

நகரங்களைத் தேர்வதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கும்பினி ஆறு ஊர்களில் தன் கிளை மன்றங்களை வைத்திருந்தது. ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹெய்சன் என்பன அவை. சோழமண்டலத் துணிக்கான முதலும் ஆணையும் இவ்வூர்களிலிருந்து புறப்பட்டன. மிடில்பர்க் தென்மேற்கு மூலையில் ஒதுங்கியிருப்பதால் அதை விடுத்து, ஏனைய ஐந்தையும் லெய்டன், ஹேக் ஆகிய இரண்டையும் சேர்த்தால் நகரப்பகுதி நிறைவுறும்.

லெய்டன் தமிழருக்கு மிக நெருங்கிய பெயர். நாகைச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை இராசராச சோழன் அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. கவிஞர்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரொகேரியசு, பத்மநாபர் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றை ஒரு நூலாக எழுதினார். அவர் மறைந்தபின் 1651இல் அது லெய்டனில் அச்சேறியது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக வெளிவந்தது அந்நூல் வழியேதான். பழவேற்காட்டுத் திண்ணையில் நிகழ்ந்த உரையாடலுக்கு லெய்டன் அச்சுக்கூடம் வடிவம் தந்தது. ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள கும்பினி ஆவணங்களுக்கு இணையானவை சென்னைத் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் உள்ளன. இரண்டும் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஒருசேர இடம்பெற்றன.

சிற்றூர்களுக்கு வருவோம். இங்கேதான் பயணிக்குத் தெளிவு மிகவும் வேண்டும். மரபு என்று காட்டப்படுவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஆம்ஸ்டர்டாம் அருகிலுள்ள சான்சே ஸ்கான்ஸ், 1961 முதல் பல இடங்களிலிருந்து பழைய வீடுகளையும் காற்றாலைகளையும் பெயர்த்துக் கொணர்ந்து அமைத்த ஊர். அமைக்கப்பட்டது என்பதால் அது பொய்யாகிவிடாது. அங்கே வண்ணப்பொடி அரைக்கும் காற்றாலை இன்றும் சுழல்கிறது. வோலெண்டாம் வேறு வகை. அது மீனவர் ஊர். 1932 மே 28 அன்று 32 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கரை தெற்குக் கடலை அடைத்தபோது, கடல் ஏரியாயிற்று. மீன்பிடித் தொழில் தளர்ந்தது. இன்று வெளியூரார் அங்கே மீனவர் உடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றனர். தொழில் போனபின் உடை மட்டும் எஞ்சிய கதை அது. மார்க்கன் தீவு 1957இல் கரைவழியாக நிலத்தோடு இணைந்தது. ஸ்டாபோர்ஸ்டில் மரபுடையை வழிவழி வழக்கமாகவே உடுத்துவோர் அருகிவிட்டனர். படம் எடுப்பதை அவ்வூரார் விரும்புவதில்லை. அங்கே செல்பவர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொள்வதே பண்பு.

கிண்டர்டைக்கின் 19 காற்றாலைகள் நீர் இறைப்பதற்கென நிறுவப்பட்டவை. 1997இல் உலக மரபுச்சின்னமாக ஏற்கப்பட்டன. ஆலை ஓய்ந்திருக்கும்போது அதன் இறக்கைகளை நிறுத்தும் கோணத்துக்கும் அங்கே பொருள் உண்டு. மேலேறும் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னே நின்றால் ஆலைக்காரர் வீட்டில் மகிழ்ச்சி; உச்சி கடந்து நின்றால் துக்கம். சொல்லின்றிச் செய்தி சொல்லும் இம்மொழியைக் கவிஞர் தவறவிடலாகாது. கீத்ஹோர்ன், கரிமண் வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து உருவான ஊர். அங்கே பழைய தெருக்கள் எல்லாம் வாய்க்கால்கள். கோலூன்றிச் செலுத்தும் படகில் பாலும் வைக்கோலும் சென்றன. ஒகேனக்கல் பரிசலில் ஏறியவருக்கு அப்படகு உடனே உறவாகிவிடும்.

இப்பயணத்தின் உச்சம் ஹிண்டலோபன். பிரீஸ்லாந்து மாநிலத்தில் ஏரிக்கரையில் உள்ள சிறு மாலுமி ஊர். அதன் மகளிர் அணிந்த நீண்ட மேலங்கி அவ்வூர் மரபுடையின் அடையாளம். அது சோழமண்டலக் கரையின் பூந்துணியால் தைக்கப்பட்டது. மகிழ்ச்சிக் காலத்துக்குச் சிவப்பு, துக்கம் காப்பதற்கு நீலம் என அவர்கள் நிறம் வகுத்துக்கொண்டனர். அச்சிவப்பு சாயவேரின் சிவப்பு. அந்நீலம் அவுரியின் நீலம். அவ்வூர் அருங்காட்சியகத்திலும், லேவார்டன் நகரின் பிரீசிய அருங்காட்சியகத்திலும் அத்துணிகளைக் காணலாம். அந்நாட்டின் மற்ற அடையாளங்களும் இத்தகையனவே. துலிப் மலர் துருக்கி வழியே 16ஆம் நூற்றாண்டில் வந்தது. டெல்ஃப்ட் நகரின் நீலப் பீங்கான், சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்தது.

ஆகவே மரபு என்பது வேலி கட்டிக் காத்த பொருளன்று. வந்ததை ஏற்று, உழைத்து, தன் இன்ப துன்பங்களுக்கு உரியதாக்கிக்கொண்டபோது அது மரபாகிறது. ஹிண்டலோபன் பெண்ணின் துக்கத்தைப் பெயரறியாத சோழமண்டலச் சாயக்காரர் ஒருவரின் கை சுமந்தது. அவர் பெயர் எக்கணக்கேட்டிலும் இல்லை. அதை நினைவுகூர வேண்டிய கடமை தமிழில் எழுதுவோர்க்கே உண்டு.

செயல்முறைக்கு வருவோம். மே மாதத்தின் முதல் பத்து நாட்கள் ஏற்றவை. இங்கே கத்திரி வெயில். அங்கே துலிப்பின் கடைசி நாட்கள். மே இரண்டாம் வார இறுதியில் தேசியக் காற்றாலை நாள் வரும். நாடெங்கும் ஆலைகள் திறந்திருக்கும். செங்கன் நுழைவிசைவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள். அதில் ஒரு பொழுது சான்சே ஸ்கான்சுக்கு. நான்காம் நாள் லெய்டனும் ஹேக்கும். ஐந்தாம் நாள் டெல்ஃப்ட், ரோட்டர்டாம், கிண்டர்டைக். ஆறாம் நாள் வோலெண்டாமும் மார்க்கனும். ஏழாம் நாள் ஹோர்ன், எங்க்ஹெய்சன். அங்கே தெற்குக் கடல் அருங்காட்சியகத்தின் திறந்தவெளி ஊர் உண்டு. எட்டாம் நாள் எங்க்ஹெய்சனிலிருந்து பருவகாலப் படகில் ஸ்டாவரன் சென்று, தொடர்வண்டியில் ஹிண்டலோபன். ஒன்பதாம் நாள் லேவார்டன். பத்தாம் நாள் கீத்ஹோர்ன். ஒருநாள் கூடுமாயின் டென் ஹெல்டர் துறைமுக நகருக்குச் செல்லலாம். அங்கே ஈழத்தமிழர் எழுப்பிய விநாயகர் கோயில் உள்ளது. போரால் புலம்பெயர்ந்தோர் அந்நாட்டில் தமிழை எவ்வாறு வைத்து வாழ்கின்றனர் என்பதை அவர்கள் வாயால் கேட்பது, எந்த அருங்காட்சியகமும் தராத பேறு.

வட்டத்தின் உறுப்பினர் அனைவருக்கும் இப்பயணம் கைகூடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இதன் முதற்பாதி பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகையிலும் காத்திருக்கிறது. ஒரு பேருந்துச் செலவில் அதை முடிக்கலாம். மறுபாதியை முடித்து மீளும் ஒருவருக்கு ஒரு கடன் உண்டு. பெற்ற கலைஞன் பெறாத கலைஞனுக்கு வழி சொன்னதால்தான் ஆற்றுப்படை பிறந்தது. மீள்பவர் வட்டத்தின் முன் நின்று, கண்ட உழைப்பையும் கண்ட துணியையும் சொல்வாராயின், பதினோராம் ஆண்டின் முதற்கூட்டம் அந்த உரையோடு தொடங்கட்டும்.