சுற்றுச்சூழல் தாளில் மதிப்பெண் எங்கே இருக்கிறது?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சுற்றுச்சூழல் பேப்பர்தானே சார், முதல் நாள் ராத்திரி பார்த்தா போதும்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. பாஸ் பண்ண அது போதலாம். நல்ல மார்க்குக்குப் போதாது.

இந்தப் பாடம் கல்லூரிக்கு வந்ததே நீதிமன்றம் வழியாகத்தான். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டது, 2003-இல் மறுபடி வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் குறுவினாவுக்கு 25, கட்டுரை வினாவுக்கு 50, களப்பணிக்கு 25 என 100 மதிப்பெண் பிரிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும். ஆகவே முதலில் உங்கள் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்துப் பாருங்கள்.

திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். வரையறை, காரணம், விளைவு, தடுப்பு, எடுத்துக்காட்டு என்று பாயிண்டுக்குப் பாயிண்ட்தான் மார்க். பக்கத்தை எண்ணி யாரும் போடுவதில்லை.

நீர் மாசு பற்றிக் கேட்டால், "தோல் கழிவால் பாலாறு கெட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது. அது நிலத்தில் இறங்கிக் கிணறு உவர்க்கிறது, பயிர் கருகுகிறது. இப்படிச் சங்கிலியாக எழுதினால் ஐந்து பாயிண்ட் வந்துவிட்டதே!

"மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாட்டை நாடெங்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அதை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் முக்கியமானது நம்ம ஊர் வழக்கு: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது, தீர்ப்பு 28.8.1996. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு, தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ் என்று அதில் பதிவாகியுள்ளது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் பாலாற்றுச் சீரமைப்பும் வேண்டுமென்று ஆணையிட்டது. இந்த எண்களை எழுதுங்கள்.

களப்பணி ரெக்கார்டைப் பக்கத்துப் பையனிடம் வாங்கிக் காப்பி அடிக்காதீர்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ இரண்டு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வேதியியல் லேபில் கடினத்தன்மை பாருங்கள். எந்த வருஷத்திலிருந்து குடிப்பதை நிறுத்தினீர்கள் என்று அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தேதி, இடம், அளவு மூன்றையும் குறியுங்கள்.

இன்னொன்று. நம்மில் பலருக்கு ஃபீஸ் கட்டியது தோல் வேலைச் சம்பளம். உவர்த்துப்போனதும் நம்ம கிணறுதான். இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளைக்கு உங்களில் சிலர் இதே டேனரிகளில் கெமிஸ்டாக, சூப்பர்வைசராக உட்காரப் போகிறீர்கள். கழிவுநீரை எங்கே விடுவது என்று அன்றைக்கு உங்களைக் கேட்பார்கள். அந்த விடையைத்தான் ஊர் குடிக்கும்.