கள்ளியும் பொறுமையும்

கள்ளியை விதையிலிருந்து வீட்டிலேயே வளர்ப்பது பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். வேலிகளில் பால் வடிய நிற்கும் சதுரக்கள்ளி வேறு குடும்பத்தது. நான் குறிப்பது சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம்.

பாலைநிலத்துச் செடிக்கு நிழலும் ஈரமும் எதற்கு என நீங்கள் கேட்கலாம். அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ என்னும் பெருங்கள்ளி 40 அடிக்கு மேலும் உயரும். ஆயினும் அதன் இளங்கன்று பிறிதொரு மரத்தின் நிழலில் அல்லாது பிழைப்பது அரிது. முதல் 8 ஆண்டுகளில் அது வளர்வது ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலமே.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் வழி எளிது. அடியில் துளையுள்ள அகன்ற மண்சட்டியில், பருமணலையும் மட்கிய இலையுரத்தையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். பூசணம் பெரிதும் அழியும். விதைகளை மேலே தூவுங்கள். புதைக்கலாகாது, பல இனங்களுக்கு முளைக்க ஒளி வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் ஓரம் ஒதுங்கிவிடும். ஆதலின் சட்டியை நீருள்ள தட்டில் வைத்து, மேல்மண் நனைந்ததும் எடுத்துவிடுங்கள். பின்னர்க் கண்ணாடித் துண்டால் மூடி, வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை என்னும்படியான திண்ணையில் வையுங்கள்.

பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் பசுமணிகள் போல் முளைகள் தோன்றும். அப்பொழுது கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்கிக் காற்றுக்குப் பழக்குங்கள். இல்லையேல் முளைகள் அழுகிச் சாயும். பட்டாணி அளவு ஆகும்வரை இடம் மாற்ற வேண்டா.

வளர்ந்த செடியையே வாங்கினால் என்ன? கள்ளி இனங்களில் நூற்றுக்கு 31 அழியும் இடரில் உள்ளன என்று 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அறிவித்தது. அழகுக்காகக் காட்டுச் செடிகளைப் பெயர்த்து விற்பது அதற்கொரு காரணம். பண்ணையில் வளர்ந்த செடியின் விதை என்பதைக் கேட்டறிந்து வாங்குங்கள். உங்கள் தொட்டிக்காக எந்தப் பாலையும் வறிதாக வேண்டா.

வாரந்தோறும் உயரத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பல வாரங்கள் ஒரே எண்ணையே எழுத நேரும். அதற்காகச் சலித்து, அளப்பதை விட்டுவிடாதீர்கள்.