கடைக்கால் போடும் முன்



நாமக்கல் ஊர் நடுவே ஒற்றைக் கல்லாக எழுந்து நிற்கிறதே கோட்டைப் பாறை, அதைப் பார்த்தாலே நம் மண்ணின் குணம் பாதி புரிந்துவிடும். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. ஆனால் அது மட்டமாகப் படுத்திருக்கவில்லை. ஓரிடத்தில் மூன்றடியிலேயே கடப்பாறை தெறிக்கும். அங்கிருந்து பத்தடி தள்ளித் தோண்டினால் ஆறடி போனாலும் மண் பொலபொலவென்று வந்துகொண்டே இருக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஒரு பில்லர் பாறையிலும் இன்னொன்று இளகிய மண்ணிலும் நின்றால், ஒரு பக்கம் அசையாது. மறுபக்கம் மெல்ல அமுங்கும். வீடு முழுவதும் ஒரே அளவில் சிறிது இறங்கினால் சுவர் தாங்கிக்கொள்ளும். ஏறுக்குமாறாக இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது. எனவே கம்பி கட்டும் முன் ஒவ்வொரு குழியின் அடிமண்ணையும் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். எல்லாக் குழியும் ஒரே மாதிரியான கெட்டித்தரையில் நிற்க வேண்டும். எங்காவது கூடுதலாகத் தோண்டிவிட்டால் எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டாதீர்கள்; அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். பாறை சரிவாக இருந்தால் படிபோல வெட்டி மட்டமாக்க வேண்டும்.

இன்னொன்று. இன்றைய மனைகளில் பல, முன்பு கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். கிணற்றை மூடி மேலே செம்மண் பரப்பிவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம், "இங்க கிணறு ஏதும் இருந்ததுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும்; அதற்குத் தனி வடிவமைப்பே வேண்டும்.

குழி சரியென்றால் மற்றவை எளிது. அடியில் பி.சி.சி. (கம்பியில்லாக் கான்கிரீட்) போட்டு, அதன்மேல் கம்பி மேட் வையுங்கள். மேட்டுக்குக் கீழே கவர் பிளாக் கட்டாயம் வேண்டும். உடைந்த செங்கல்லும் ஜல்லியும் அதற்கு ஈடாகாது. பூட்டிங்கில், அதாவது பில்லரின் அடித்தளத்தில், கம்பிக்கு 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி.

அடுத்தது தண்ணீர். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எம்-20 கலவைக்கு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு அதே விதி சொல்லும் உச்ச அளவு 30 லிட்டர். நனைந்த எம்-சாண்டில் இருக்கும் ஈரமும் இதில் சேர்த்திதான். கலவை இழுபடாமல் ஓட வேண்டும் என்பதற்காக இன்னொரு குடம் ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம். சட்டி சுமக்கிறவர்களின் பாடு தெரிந்தே சொல்கிறேன், ஊற்றாதீர்கள். கூடுதல் தண்ணீர் வற்றிப்போன இடமெல்லாம் நுண்துளைகளாகி, ஈரம் கம்பி வரை இறங்க வழி கொடுக்கும். வாடகைக்கு வைப்ரேட்டர் எடுத்தால் கெட்டியான கலவையும் மூலை வரை போய் அமரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பரிசோதிக்காமல் கலவையில் சேர்க்காதீர்கள்.

சேலத்து வெயிலில் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். குழியையும் பலகையையும் முதலில் நனையுங்கள். ஆனால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கான்கிரீட் போட்ட பிறகு ஈரச் சாக்கு போர்த்தி 10 நாளாவது காய விடாமல் வைத்திருங்கள். அதற்கு ஆள் வருவார்கள் என்று இருந்துவிடாமல், காலையும் மாலையும் வீட்டுக்காரர்களே போய்த் தண்ணீர் ஊற்றுவது நல்லது.