வண்டியூரில் வேனில்



மதுரையின் வேனில் வெம்மையால் மட்டும் அறியப்படுவதன்று. நீர் வேட்கையாலும் அறியப்படுவது. சித்திரை முழுநிலவு நாளில் வைகையில் இறங்கும் கள்ளழகர், அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கிறார். தோல்பையில் நீர் சுமந்து பீய்ச்சும் அடியவர்களும், நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்களும் வழியெங்கும் காட்சி தருகின்றன. கோடையின் உச்சியில் ஒரு தவளையின் மீட்சியை ஊரே கொண்டாடுவது எத்துணைப் பொருத்தம்!

ஆயினும், அழகர் இறங்கும் ஆற்றுக்கே அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளமும் நெடுங்காலம் வறண்டு, இளைஞர் பந்தாடும் திடலாகக் கிடந்தது. வைகையிலிருந்து வரும் வாய்க்கால் செப்பனிடப்பட்ட பின்னரே, அண்மை ஆண்டுகளில் அதில் மீண்டும் நீர் நின்றது. குளம் அழியவில்லை, அதற்கு நீர் வரும் வழியே அடைபட்டிருந்தது.

குளத்தையும் மைய மண்டபத்தையும் பாடுவது எளிது. கண்ணுக்குப் புலனாகாத வாய்க்காலையும், அதில் இறங்கித் தூர்வாரும் கைகளையும் பாடுவதே இன்று கவிஞர்தம் கடன். வாய்க்காலை மறந்த ஊரில் அடுத்த வேனிலுக்குப் பாட்டு மட்டுமே எஞ்சும், நீர் எஞ்சாது.